ஏரித் தண்ணீரை ஆற்றிய காலை

மீன்வளத் துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் தண்ணீரைச் சோதிக்கும் பெட்டி ஒன்று கொடுத்திருப்பார்கள். அதைத் திறந்து இரண்டு சொட்டு மருந்து விட்டால் தண்ணீரில் எது குறைவு, எது கூடுதல் என்று நிறம் மாறிச் சொல்லிவிடும். நாங்கள் உத்திரமேரூர்ப் பக்கம் ஏரி ஏரியாகச் சுற்றிய நாட்களில் அப்படிப்பட்ட பெட்டி சென்னையில்தான் இருந்தது. எங்களிடம் இருந்தவை ஒரு சைக்கிள், மீன் குஞ்சு கொண்டுபோகும் தகரக் குடங்கள், ஒரு கைவலை. அவ்வளவுதான். ஆனால் பெட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரு விஷயம் மாறாது. ஏரியில் மீன் செத்து மிதக்கும் அன்று ஊரே கரையில் நிற்கும். எல்லோரும் உங்களிடம் மீனைப் பற்றித்தான் கேட்பது போல இருக்கும். அவர்கள் கேட்பது மனிதர்களைப் பற்றி. யார் செய்தது என்று கேட்பார்கள்.

அறுபதுகளின் தொடக்கத்தில், உத்திரமேரூருக்கு வெளியே, ஊர் முடிந்து கழனி தொடங்கும் இடத்தில் ஒரு சின்ன ஏரி இருந்தது. பாசனத்துக்குப் பெரிய ஏரி தனியாக இருந்ததால் இதை ஊர்க்காரர்கள் பொழுதுபோக்க வைத்துக்கொண்டார்கள். மாலையில் பள்ளி ஆசிரியர்களும் ஆபீஸ் குமாஸ்தாக்களும் கரையில் நடப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை தூண்டிலோடு உட்காருவார்கள். இளைஞர்கள் மதகின் மேலிருந்து குதித்து நீந்துவார்கள். ஏரியின் ஒரு பாதி முழுக்க அல்லியும் பாசியும் அடர்ந்திருக்கும். அதற்குள் நாமக்கோழி என்ற நீர்ப்பறவைகள் குஞ்சுகளோடு திரியும், முக்குளிப்பான் மூழ்கி மூழ்கி எழும். கரையின் கோடியில் இருந்த காலனிப் பெண்கள் அல்லித்தண்டும் கிழங்கும் பறித்துப் போவார்கள். குழம்பு வைத்தது போக மிச்சத்தைச் சந்தையில் விற்பார்கள். யாருக்கும் யாரும் இடைஞ்சலாக இல்லை.

அந்த ஆண்டு ஊரில் மனமகிழ் மன்றம் ஒன்று தொடங்கினார்கள். தலைவர் ரைஸ் மில் முதலாளி. மில்காரர் என்றுதான் எல்லோரும் சொல்வோம். நல்ல நீச்சல்காரர். ஊர்ப் பெண்களும் பிள்ளைகளும் ஒரு நாளாவது படகில் போய்ப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டுச் சென்னையிலிருந்து பச்சை வண்ணம் அடித்த ஒரு படகை வரவழைத்தார். படகு வந்தது, ஆனால் துடுப்பு அல்லிக்கொடியில் சிக்கியது. உடனே ஆள் வைத்து அல்லி, பாசி எல்லாவற்றையும் அரிவாளால் அறுத்தெடுக்கச் சொன்னார். அறுத்ததைக் கரையேற்றுவது பெரிய வேலை. ஆட்கள் அதை மேற்கு மூலைக்குத் தள்ளித் தண்ணீரிலேயே விட்டுவிட்டார்கள்.

அப்போது நான் தாமல் ஏரியில் மீன் குஞ்சு விடும் வேலையில் இருந்தேன். மாசி மாதக் கடைசியில் ஒரு நாள் காலை பஸ்ஸில் உத்திரமேரூர் வந்து இறங்கினேன். இரண்டு நாளாக வெயிலே இல்லை. காற்று ஒரு இலையைக்கூட அசைக்கவில்லை. பையைக் கீழே வைப்பதற்குள் ஒருவர் ஓடிவந்து என் கையைப் பிடித்தார்.

"சார், ஏரில மீனு அத்தினியும் செத்து மெதக்குது. எவனோ வெசம் கலந்துட்டான். ஆளப் புட்ச்சி வச்சிக்கீறாங்க, வாங்க."

கரையில் பாதி ஊர் நின்றது. தண்ணீர் ஓரமெல்லாம் வெள்ளை வயிறுகள். நாங்கள் விட்டு வளர்த்த கட்லாவும் ரோகுவும் கைநீளத்துக்குச் செத்துக் கிடந்தன. உயிரோடிருந்தவை வாயைத் தண்ணீருக்கு வெளியே நீட்டித் திறந்து திறந்து மூடின. ஒரு பனைமரத்தடியில் இளைஞன் ஒருவனை உட்கார வைத்திருந்தார்கள். துண்டால் கை கட்டியிருந்தது. உதடு கிழிந்து சட்டையில் ரத்தம். பக்கத்தில் அவன் மனைவி நின்றிருந்தாள். அவன் அந்தோணி, அவள் சவரியம்மா. காலனிக்காரர்கள், இருவரையும் எனக்குத் தெரியும்.

போலீஸ் ஏட்டு என்னைப் பார்த்ததும் அருகில் வந்தார்.

"நேத்து இவன் கயனிக்கு எண்ட்ரின் மருந்து அடிச்சிக்கீறான் சார். போன வாரம் அல்லிய அறுக்கக் கூடாதுன்னு மன்றத்து ஆளுங்களாண்ட சண்ட போட்ருக்கான். ரெண்டையும் சேத்துப் பாத்துக்கங்க. நீங்க வெசம்னு ஒரு வார்த்த சொல்லிட்டீங்கன்னா ஸ்டேஷனுக்கு இட்டுக்கினு போயிடுவேன்."

எண்ட்ரின் என்ற பூச்சி மருந்து அப்போதுதான் எங்கள் பக்கம் பரவிக்கொண்டிருந்தது. தெளிப்பானைக் குளத்தில் கழுவினாலே மீன் சாகும் என்பது எனக்குத் தெரியும். ஆகவே ஏட்டு சொன்னதை அபாண்டம் என்று ஒதுக்க முடியவில்லை. அந்தோணியிடம் போய்க் குந்தி உட்கார்ந்தேன்.

"தெளிப்பான எங்க கழுவினே?"

"கயனிக் கெணத்தாண்ட சார். ஏரிப் பக்கம் நான் வரவே இல்ல. யார் கேட்டாலும் இதான் சொல்லுவேன்." குரல் நடுங்கவில்லை. ஆனால் என் முகத்தைப் பார்க்கவும் இல்லை. கரையில் நின்றவர்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துச் சென்னைக்கு அனுப்பலாம். பதில் வர எத்தனை நாள் ஆகுமோ. அதுவரை அவன் லாக்கப்பில் இருப்பான். அங்கே என்ன நடக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. விஷமில்லை என்று நான் அவசரப்பட்டுச் சொல்லிவிட்டால், கூடையோடு காத்திருக்கும் காலனிப் பெண்கள் அந்த மீனை அள்ளிக்கொண்டு போய்க் குழம்பு வைப்பார்கள். நான் தப்பாக இருந்தால் மாலைக்குள் பிள்ளைகள் சாவார்கள். இந்தப் பக்கம் தவறினால் ஒருவன், அந்தப் பக்கம் தவறினால் ஒரு தெரு.

இப்படி ஒரு இடத்தில் நின்றால் உங்கள் கண் செத்த மீன் மேலேயே போய் நிற்கும். அது இயல்பு. கொஞ்சம் முயன்று கண்ணைத் திருப்பி, எதெல்லாம் சாகவில்லை என்று பாருங்கள். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கினேன். தண்ணீரின் மேல் நீண்ட கால்களை ஊன்றி ஓடும் பூச்சிகள் வழக்கம்போல ஓடின. பூச்சி மருந்து கலந்திருந்தால் முதலில் அவைதான் போயிருக்க வேண்டும். கல்லிடுக்கில் தவளை இருந்தது. கைவலையைப் போட்டு இழுத்தேன். ஒரு விராலும் இரண்டு கெளுத்தியும் வந்தன. மூன்றும் வலைக்குள் துள்ளின. விராலும் கெளுத்தியும் தண்ணீருக்கு மேலே வந்து நேராகவே காற்றைக் குடிக்கக்கூடியவை. கட்லாவுக்கும் ரோகுவுக்கும் அந்த வழி கிடையாது, தண்ணீரில் கரைந்த காற்றுதான் அவற்றுக்கு மூச்சு.

அப்போதே எனக்குப் பாதி புரிந்துவிட்டது. மீன்கள் விஷம் குடித்துச் சாகவில்லை, மூச்சு முட்டிச் சாகின்றன. ஆனால் எனக்குப் புரிந்தது கரையில் நிற்பவர்களுக்குப் போதாது. மில்காரரிடம் விராலைக் காட்டிச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "வெரால் கல்லு மாதிரி சார். எந்த வெசத்தையும் தாங்கும். இதெல்லாம் ஒரு சாட்சியா?" என்றார். அவர் கேட்டதில் தவறில்லை. எனக்கே மீதிப் பாதி சந்தேகம் இருந்தது.

கரையில் ஒரு டீக்கடை இருந்தது. கடைக்காரர் இந்த அமளியிலும் யாருக்கோ டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். கை உயர்ந்து உயர்ந்து தாழ்ந்தது, டீ நுரைத்து விழுந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். தண்ணீரையும் அப்படி ஆற்றினால் அதில் காற்று கலக்கும். காற்றில்லாததுதான் குறை என்றால் அதே தண்ணீரில் மீன் பிழைக்க வேண்டும். விஷம் என்றால் எத்தனை ஆற்றினாலும் பிழைக்காது.

சோதனையைத் தொடங்குவதற்கு முன்னால் ஒன்று செய்தேன். நாற்பது வருட வேலையில் நான் செய்தவற்றுள் இதை நீங்கள் கட்டாயம் பின்பற்ற வேண்டும் என்று சொல்வேன். எல்லோர் காதிலும் விழும்படி, என்ன நடந்தால் என்ன அர்த்தம் என்று முன்கூட்டியே சொன்னேன்.

"ரெண்டு அண்டாவில இதே ஏரித் தண்ணிய எடுப்போம். சாகப் போற மீனை ஒவ்வொண்ணு விடுவோம். ஒரு அண்டாத் தண்ணிய மட்டும் ஆத்தி ஆத்தி ஊத்துவோம். அதுல மீன் பிழைச்சா தண்ணியில விஷம் இல்ல. பிழைக்கலன்னா விஷம்னு அர்த்தம் இல்ல, எனக்குத் தெரியலன்னுதான் அர்த்தம். அப்ப தண்ணி சென்னைக்குப் போகட்டும். அதுவரைக்கும் யாரும் இந்த மீனைத் தொடக் கூடாது, இவன் மேலயும் யாரும் கை வைக்கக் கூடாது."

"அப்போ எது நடந்தாலும் இவன் குத்தவாளி இல்லன்றீங்க," என்றார் மில்காரர்.

"செத்துப்போற மீன் எதனாலயும் சாகலாம் ஐயா. பிழைச்சு எழுந்திரிக்கிற மீனுக்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும்."

அவர் யோசித்தார். "சரி, செய்ங்க" என்றார்.

பாத்திரம் எங்கிருந்து எடுப்பது என்பதில் ஒரு தகராறு வந்தது. காலனிக் குடம் கூடாது, அதில் ஏதாவது தடவியிருப்பார்கள் என்றது கூட்டம். டீக்கடையில் இருந்த இரண்டு அண்டாக்களைக் காட்டினேன். "நான் ஊத்துறேன்," என்று சவரியம்மா முன்னால் வந்தாள். டீக்கடைக்காரர் அண்டாக்களைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். அவள் தொட்ட அண்டாவில் பிறகு டீ போட முடியாது என்று அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. எல்லோருக்கும் புரிந்தது. மில்காரர்தான் அதட்டினார்: "குடுய்யா. உனுக்கு வேற வாங்கித் தரேன்." அந்தக் காலத்தின் தாராளம் அந்த அளவில்தான் இருந்தது. அவள் காதில் அதுவும் விழுந்தது. அண்டாக்களைத் தூக்கிக்கொண்டு போய்த் தண்ணீர் மொண்டு வந்தாள்.

உள்ளங்கை அகல ரோகு இரண்டு. இரண்டும் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தன. ஒன்றை ஓர் அண்டாவில் விட்டு ஓரமாக வைத்தோம். இன்னொரு அண்டாவின் முன்னால் சவரியம்மா நின்று, சொம்பால் மொண்டு தலைக்கு மேல் தூக்கி ஊற்றினாள். மொண்டாள், ஊற்றினாள். புடவை நனைந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவள் அண்டாவில் இருந்த மீன் சுத்தமாக மல்லாந்துவிட்டது.

"போச்சு," என்றார் யாரோ. கூட்டம் ஒரு அடி முன்னால் வந்தது.

"நிறுத்தாதே," என்றேன். ஏற்கெனவே பிழைக்க முடியாத நிலைக்குப் போய்விட்ட மீனை எடுத்துவிட்டேனோ என்று தோன்றியது. பிழைக்காவிட்டால் எனக்குத் தெரியாது என்றுதான் அர்த்தம் என்று முன்பே சொல்லியிருந்தேனே, அந்த ஒரு வாக்கியம்தான் அப்போது கூட்டத்தைப் பிடித்து நிறுத்தியது. ஏட்டு அதை அவர்களுக்கு நினைவுபடுத்தினார். "சார் சொன்னாரு இல்ல? நில்லுங்கய்யா."

சவரியம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. தோள் வலித்தபோது கையை மாற்றிக்கொண்டாள். மீன் வால் ஒரு முறை வெட்டியது. பிறகு செவுள் அசைந்தது. மல்லாந்தது சாய்ந்தது, சாய்ந்தது நிமிர்ந்தது. அண்டாவின் சுவரை ஒட்டி ஒரு வட்டம் அடித்து அவள் கையில் இடித்தது. ஓரமாக வைத்திருந்த அண்டாவை எட்டிப் பார்த்தோம். அதில் இருந்த மீன் செத்திருந்தது.

ஏட்டு தொப்பியைக் கழற்றினார். "இன்னொண்ணு புடிங்க. இத நான் ஊத்திப் பாக்குறேன்," என்றார். சந்தேகப்படுவது அவர் தொழில், அதை நான் மதிக்கிறேன். காக்கி அரைக்கால் சட்டை நனைய நனைய அவரே ஊற்றினார். அவருடைய மீனும் எழுந்து நீந்தியது. கையைத் துடைத்துக்கொண்டு நேராகப் பனைமரத்தடிக்குப் போய்த் துண்டை அவிழ்த்தார்.

"எயுந்துரு. வூட்டுக்குப் போ," என்றார். அந்தோணி எழுந்தான். வீட்டுக்குப் போகவில்லை. அங்கேயே நின்றான்.

விஷம் இல்லை. அப்படியானால் காற்று எங்கே போயிற்று? மில்காரரை மட்டும் பச்சைப் படகில் ஏற்றிக்கொண்டு மேற்கு மூலைக்குப் போனேன். அறுத்துத் தள்ளிய அல்லியும் பாசியும் அங்கே கறுத்துக் கூழாகிக் கிடந்தன. துடுப்பால் கிளறினேன். குமிழி குமிழியாகக் கிளம்பிய நாற்றத்தில் அவர் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"அழுகுற இந்த அல்லிப் பூண்டு தண்ணியில இருக்கிற காத்தை எல்லாம் தின்னுடும். உயிரோட இருந்தப்ப பகல்ல காத்தைக் குடுத்துக்கிட்டு இருந்ததும் இதேதான். ரெண்டு நாளா வெயிலும் இல்ல, காத்தும் இல்ல. இனிமே மீன் எப்படி மூச்சு விடும்?"

அவர் மூக்கிலிருந்து கையை எடுத்தார். "இது நாம வெட்னது தானே?" என்றார்.

"ஆமாம்."

கரையில் கூட்டம் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. அங்கே நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தோணி மேல் இருந்த கோபம் அப்படியே திரும்பி இவர் மேல் பாயும். அதில் எனக்கு ஒரு திருப்திகூடக் கிடைத்திருக்கும். ஆனால் ஏரியில் பாதி மீன் இன்னும் உயிரோடிருந்தது. அவற்றைக் காப்பாற்ற எனக்கு அந்தக் கூட்டம் தேவைப்பட்டது, அதை வேலை வாங்கத் தெரிந்த இந்த மனிதரும் தேவைப்பட்டார்.

"கரையில நீங்களே சொல்லுங்க ஐயா," என்றேன்.

படகு கரை தட்டியதும் அவர் நின்றுகொண்டே சொன்னார்: "வெசம் இல்லப்பா. பூண்டு அழுகிப் போச்சாம். மூலைல கீற அத்தினியையும் வெளிய வாரணும். நீஞ்சத் தெரிஞ்சவன்லாம் எறங்குங்க." பூண்டு தானாகவே அழுகியது போலத்தான் அவர் வாயிலிருந்து வந்தது. நான் திருத்தவில்லை. அவரே முதலில் சட்டையைக் கழற்றிவிட்டுக் குதித்தார்.

அதற்குப் பிறகு நடந்ததைப் போல ஒன்றை நான் எந்த ஏரியிலும் பார்த்ததில்லை. மன்றத்து இளைஞர்கள் ஒரு வரிசையாக மிதந்து காலால் தண்ணீரை அடித்து நுரையாக்கினார்கள். படகை இரண்டு பேர் முன்னும் பின்னும் ஓட்டித் துடுப்பால் விளாசினார்கள். தூண்டில்கார ஆசிரியர்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று வாளியால் மொண்டு மொண்டு வீசினார்கள். காலனி ஆண்களும் பெண்களும் கையால் அழுகலை வாரிக் கரையேற்றினார்கள். மதியத்துக்கு மேல் காற்றும் எழுந்தது. தண்ணீருக்கு வெளியே நீண்டிருந்த வாய்கள் ஒவ்வொன்றாக உள்ளே போய் மறைந்தன.

சவரியம்மா என்னிடம் வந்தாள். "சார், இந்த மீன இன்னா பண்றது? அப்பால நாறிப் பூடும்."

எப்போது செத்தது என்று தெரியாதவற்றைப் புதைக்கச் சொன்னேன். கண் பளபளப்பும் செவுள் சிவப்பும் மாறாதவற்றை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். அவள் நகரவில்லை. "நீங்க சொல்றீங்க. ஊரு நம்புமா? நாளிக்கி எங்க தெருவுல ஒரு கொயந்திக்கி வவுத்தால போனா மறுக்கா இவரத்தான் புடிப்பாங்க."

அவள் சொன்னது சரி. "நீ சமை. நானும் உங்க வூட்ல சாப்பிடறேன்," என்றேன். அன்று காலனியில், அவர்கள் வாசலில், ஊர் பார்க்க உட்கார்ந்து சாப்பிட்டேன். ஏட்டும் வந்து உட்கார்ந்தார். நாங்கள் வீரம் காட்டவில்லை. பிறர் தட்டில் விழப்போகும் ஒன்றைப் பற்றி நாம் தீர்ப்புச் சொன்னால் நம் தட்டிலும் அது விழ வேண்டும், அவ்வளவுதான்.

பிறகு ஏரியின் நடுவே மூங்கில் கழிகளை வரிசையாக நட்டார்கள். ஒரு பக்கம் படகுக்கும் நீச்சலுக்கும், மறுபக்கம் அல்லிக்கு. அடுத்த மழைக்கு அல்லி திரும்பியது, அதன் பின்னால் நாமக்கோழிகளும் வந்தன. படகில் போகிறவர்கள் கழி ஓரம் நிறுத்திக் குஞ்சுகளைப் பிள்ளைகளுக்குக் காட்டினார்கள். மன்றத்தில் எனக்கு மாலை போட்டார்கள். அந்த விழாவுக்கு அந்தோணி வரவில்லை. அவன் பெருநகர் என்ற ஊர்ப் பக்கம் செங்கல் சூளை வேலைக்குப் போய்விட்டான் என்றும், சவரியம்மாவும் உடன் போய்விட்டாள் என்றும் சொன்னார்கள்.

வெகு நாள் கழித்துப் பெருநகர் பஸ்ஸில் அவனைப் பார்த்தேன். எழுந்து எனக்கு இடம் கொடுக்க வந்தான். பக்கத்திலேயே உட்கார வைத்தேன்.

"ஏரி நல்லா இருக்குது அந்தோணி. நீ வந்து பார்க்கலாமே. யாரும் இப்ப உன்னை ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"தெரியும் சார். ஏரி மேல எனக்கு இன்னா கோவம்?" என்று ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். "அன்னிக்கி என்ன அட்ச்சாங்களே, அதுல மூணு பேரு என் கூட அதே மதகுல ஒண்ணா குதிச்சி நீஞ்சக் கத்துக்கினவனுங்க. நான் பண்ணியிருக்க மாட்டேன்னு அவனுங்களுக்குத் தெரியும் சார். தெரிஞ்சிக்கினே அட்ச்சானுங்க."

தண்ணீரில் எது குறைந்தது என்று ஒரு காலைக்குள் கண்டுபிடித்த எனக்கு, அந்த மூன்று பேரிடம் எது குறைந்தது என்று கண்டுபிடிக்க ஒரு வழியும் தெரியவில்லை. அவன் நிறுத்தம் வந்தது. இறங்கி, ஜன்னல் ஓரம் வந்து, "சவரியம்மா நல்லா கீறா சார்," என்று சொல்லிவிட்டுக் கழனி வரப்பில் நடந்து போனான்.